பட்டாசுப் பக்குவம் அறிந்த மண்ணே, கணினியும் உனக்கே!

தாயில்பட்டித் தம்பியே, தங்கையே! உன்னிடம்தான் பேசுகிறேன்.

"நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று யாரோ எப்போதோ சொன்னதை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறாயே, அந்தப் பூட்டை இன்றைக்கே உடை. ஏஐ என்றால் பெங்களூரு, ஜீன் ஆராய்ச்சி என்றால் அமெரிக்கா, இன்டர்நெட் டேட்டா என்றால் ஐஐடி, நமக்கு வாய்த்தது குழாய் உருட்டுவதும் திரி வெட்டுவதும் பெட்டி ஒட்டுவதும்தான் என்று ஒரு கோட்டைக் கிழித்து, அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய். அந்தக் கோட்டைக் கிழித்தது யார்? அரசாங்கமா? ஆண்டவனா? இல்லை. உன் பயம் கிழித்தது. பயம் கிழித்த கோட்டைப் படிப்பு அழிக்கும்!

ஒரு கணிதத்தைப் பற்றி உனக்குச் சொல்லப் போகிறேன். உலகப் பல்கலைக்கழகங்கள் அதை ஃபஸி லாஜிக் என்கின்றன. அதோடு இன்னும் சில முறைகள் சேர்ந்த குடும்பத்துக்கு சாஃப்ட் கம்ப்யூட்டிங் என்று பெயர். இணையத்தில் மலைபோல் குவியும் தகவலையும், உயிரணுவுக்குள் புதைந்து கிடக்கும் தகவலையும் அலசுவதற்கு அறிஞர்கள் கையில் எடுத்த கருவி அது. அதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? அனுபவசாலிகளின் மதிப்பீட்டில். உன் அப்பாவும் அம்மாவும் அன்றாடம் செய்கிற மதிப்பீட்டில்!

போர்மேன் கண்ணில் இருக்கும் கணக்கு

பட்டாசு மருந்து கலக்கும் அறைக்கு ஆள் அனுப்பும் முன் அனுபவப்பட்ட போர்மேன் என்ன செய்கிறார் என்று கவனி. வானத்தைப் பார்க்கிறார். காற்றைப் பார்க்கிறார். "இன்னைக்கு வெயில் ரொம்பக் காயுது, காத்துல ஈரமே இல்ல, சீக்கிரம் முடிச்சிட்டு வெளிய வாங்க" என்கிறார். அடைமழைக் காலத்தில் அவர் கவலை வேறு. அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் சேர்ந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானாகவே சூடேறும். அதனால்தான் கலந்த மருந்தை ராத்தங்க விடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

'ரொம்ப', 'சீக்கிரம்', 'கொஞ்சம் ஈரம்' என்றுதான் அவர் பேசுகிறார். சாதாரணக் கணினிக்கு இந்தப் பேச்சு புரியாது. அதற்கு ஆம் அல்லது இல்லை, 1 அல்லது 0. வெயில் 40 டிகிரி தொட்டால் ஆபத்து என்று எழுதி வைத்தால், 39.9 டிகிரியில் அது நிம்மதியாகத் தூங்கும். அந்த 0.1 டிகிரியை நம்பி எந்த போர்மேனாவது ஆளை உள்ளே அனுப்புவாரா? மாட்டார். அவர் கணினியை விடக் கூர்மையானவர்!

ஃபஸி லாஜிக் அந்தக் கூர்மையைக் கணிதமாக்குகிறது. விளங்குவதற்காக நான் சில எண்களை வைக்கிறேன், பேனா எடுத்துக்கொள். 32 டிகிரியும் அதற்குக் கீழும் என்றால் 'கடும் வெயில்' என்பதன் அளவு 0. 42 டிகிரியும் அதற்கு மேலும் என்றால் 1. நடுவில் சீராக ஏறுகிறது. அப்படியானால் 38 டிகிரிக்கு 0.6. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 'வறட்சி' 0, 20 சதவீதம் என்றால் 1. ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் நாளில் வறட்சி 0.75. இனி விதி: வெயிலும் கடுமை, காற்றும் வறட்சி என்றால் எச்சரிக்கை. இரண்டில் எது குறைவோ அதை எடு. எச்சரிக்கையின் அளவு 0.6. அவ்வளவுதான்! எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். ஆனால் 32 எங்கே, 42 எங்கே என்று நிர்ணயிக்க யார் வேண்டும்? அந்த போர்மேன் வேண்டும். மருந்துக்கு மருந்து, ரகத்துக்கு ரகம் எண் மாறும் என்று அறிந்த அந்த மனிதர் இல்லாமல் இந்தக் கணிதம் ஒரு அடி நகராது.

ரத்தப் பரிசோதனைக்கு வா. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 என்றால் நீரிழிவு என்பது மருத்துவ வரம்பு. 125 வந்தவருக்கு இல்லை, 126 வந்தவருக்கு உண்டு. இருவர் உடம்பும் ஒரே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. உயிர் படிப்படியாக மாறுகிறது. அதை அளக்கும் கணிதமும் படிப்படியாக இருந்தால்தானே பொருந்தும்?

தூற்றியவர்கள் ஓய்ந்தார்கள், உழைத்தவர் நின்றார்

இந்தக் கணிதத்தைத் தந்தவர் லோட்ஃபி ஸாதே. 1921இல் பாகு நகரில் பிறந்து, ஈரானில் வளர்ந்து, அமெரிக்காவுக்குக் குடியேறியவர். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோது 1965இல் ஃபஸி செட்ஸ் என்ற கட்டுரையை வெளியிட்டார். பாராட்டு மழை பொழிந்ததா? இல்லை. கணிதத்தில் துல்லியம்தான் உயிர் என்று நம்பிய பெரிய பெரிய அறிஞர்கள் அதைத் தாக்கினார்கள். கட்டுப்பாட்டுப் பொறியியலில் உலகப் புகழ் பெற்ற கால்மன் மேடையிலேயே எதிர்த்தார். ஸாதே கத்தவில்லை, கலங்கவில்லை, கைவிடவும் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார். 2017இல் மறையும்வரை தன் கருத்தில் நிலைத்து நின்றார்.

அந்தக் கட்டுரை வந்த பத்தே ஆண்டுக்குள் எதிர்ப்புக்கு விடை வந்தது. டான்சானியாவில் பிறந்து, நம் புனேயில் பொறியியல் படித்து, லண்டனுக்குப் போன இப்ராஹிம் மம்தானி, தன் மாணவரோடு சேர்ந்து ஒரு சிறு நீராவி எந்திரத்தை இந்த முறையில் ஓட்டிக் காட்டினார். 'அழுத்தம் கொஞ்சம் கூடினால் சூட்டைக் கொஞ்சம் குறை' என்பதுபோன்ற விதிகள்தான் அதன் மூளை. அடுத்து டென்மார்க்கில் சிமென்ட் உலை. சிமென்ட் சூளையை எந்தச் சமன்பாட்டாலும் முழுதாகப் பிடிக்க முடியவில்லை. ஆனால் சுடரின் நிறத்தையும் கிளிங்கர் என்ற சிமென்ட் கட்டியின் பதத்தையும் பார்த்து ஓட்டுகிற ஆபரேட்டருக்குப் பிடிபட்டது. அந்த ஆபரேட்டர்களின் விதிகளைக் கணினிக்குள் ஏற்றினார்கள். உலை ஓடியது! தம்பி, இதே விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்திலும் சிமென்ட் ஆலை இருக்கிறது. உலைமுன் நின்று வியர்த்தவனின் அனுபவத்துக்குப் பொறியியலில் இடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்புறம் ஜப்பான். சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று பெருமையோடு சொல்கிறோமே, அந்த ஜப்பானின் செண்டாய் நகரில் 1987இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. வண்டியை நிறுத்தவும் வேகமெடுக்கவும் ஹிட்டாச்சி பொறியாளர்கள் ஃபஸி லாஜிக்கைப் பயன்படுத்தினார்கள். நின்றுகொண்டு போகிறவர் தள்ளாடாத அளவுக்கு அது மென்மையாக நின்றது. பெயரில் ஜப்பானைச் சுமக்கும் நாம், உழைப்பிலும் படிப்பிலும் அதைச் சுமக்க வேண்டாமா?

சென்னையில் வரைந்த படம்

"எல்லாம் வெளிநாட்டுக்காரன் செய்தது" என்று சொல்லப் பார்க்கிறாயா? கொஞ்சம் பொறு!

ஸாதேயின் கட்டுரைக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1963இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் தன் சகாக்களான ராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் ஒரு படத்தை வெளியிட்டார். புரதத்தின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணத்தில் வளைய முடியும் என்று காட்டும் படம் அது. தாராளமாக அனுமதிக்கப்பட்ட பகுதி, ஓரளவு அனுமதிக்கப்பட்ட பகுதி, அனுமதி இல்லாத பகுதி என்று அது பிரிந்திருக்கிறது. 'ஓரளவு' என்பதைக் கவனித்தாயா? உயிரின் கட்டமைப்பை ஆம், இல்லை என்ற இரண்டே பெட்டிக்குள் அடைக்காமல் நடுவில் ஒரு படி வைத்தார்கள். புரத அமைப்பைக் கண்டறியும் உலக ஆய்வகங்கள் இன்றைக்கும் தங்கள் முடிவை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கின்றன. பிற்காலத்தில் அவர் கணித தர்க்கத்துக்குள்ளேயே இறங்கி, 'ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை' என்னும் சமணரின் சியாத்வாதத்திலிருந்து தூண்டுதல் பெற்று ஒரு தர்க்க முறையை வகுத்தார். அந்தப் படம் பிறந்தது சென்னை மண்ணில், எளிய வசதிகளோடு!

2024இல் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பங்கு ஆல்ஃபாஃபோல்ட் என்ற புரத அமைப்புக் கணிப்பு மென்பொருளை உருவாக்கியவர்களுக்குக் கிடைத்தது. அந்த மென்பொருள் ஒவ்வொரு கணிப்போடும் 0 முதல் 100 வரை ஒரு நம்பிக்கை அளவையும் தருகிறது. 'இந்தப் பகுதி உறுதி, இந்தப் பகுதி ஓரளவு, இந்தப் பகுதியை நம்பாதே' என்று சொல்கிறது. அது கணித்த சுமார் 20 கோடி புரத அமைப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. உன் கைப்பேசியில் திறந்து பார்க்கலாம். பூட்டும் இல்லை, காவல்காரனும் இல்லை!

வலைப்பக்கமும் ஜீனும் ஒரே கணக்கில்

இணையத்தில் ஒருவர் 'மதுரை பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரி' என்று தேடுகிறார். 'பக்கம்' எத்தனை கிலோமீட்டர்? 'நல்ல' என்பதற்கு எத்தனை மார்க்? மனிதர்கள் தேடுவதெல்லாம் இப்படித்தான். ஒரு வலைப்பக்கம் பட்டாசைப் பற்றியது என்று வைத்துக்கொள். அது வணிகத்தில் சேருமா, சுற்றுச்சூழலில் சேருமா, சட்டத்தில் சேருமா? மூன்றிலும் சேரும். வணிகத்தில் 0.5, சுற்றுச்சூழலில் 0.3, சட்டத்தில் 0.2 என்று பங்கு போட்டுக் கொடுக்கிறது ஃபஸி சி-மீன்ஸ் என்ற முறை. 1973இல் டன் தொடங்கி வைத்து, பெஸ்டெக் வளர்த்தெடுத்தது.

அதே கணக்கு அப்படியே உயிரணுவுக்குள் போகிறது. ஒரு ஜீன் ஒரே வேலையோடு நிற்பதில்லை. ஒரு நேரம் ஒரு கூட்டத்தோடு இயங்கும், இன்னொரு நேரம் வேறு கூட்டத்தோடு இயங்கும். அதை ஒரே பெட்டியில் அடைத்தால் பாதி உண்மை போய்விடும். பங்கு போட்டுக் கொடுத்தால் உண்மை வெளிவரும்.

1999இல் சயன்ஸ் இதழில் ரத்தப் புற்றுநோய் குறித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. கோலப் என்பவரும் சகாக்களும் செய்தது. 72 மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் 7129 ஜீன் அளவீடுகள். இரண்டு வகை லுகேமியாவில் எது எந்த வகை என்று பிரிக்க வேண்டும். எண்ணிப் பார்: ஆட்கள் 72, அளவீடுகளோ ஏழாயிரத்துக்கும் மேல்! இந்தக் குவியலில் உண்மையில் துப்புக் கொடுக்கும் சில ஜீன்களை எப்படிப் பொறுக்குவது? இங்கேதான் குடும்பத்தின் மற்றவர்கள் வருகிறார்கள். ஜான் ஹாலண்ட் 1975இல் நூலாக எழுதிய ஜெனடிக் அல்காரிதம், பல தேர்வுகளைக் கலந்து, நல்லதை வைத்து, மோசமானதைக் கழித்துத் தலைமுறை தலைமுறையாக முன்னேறுகிறது. போலந்தின் பாவ்லாக் 1982இல் தந்த ரஃப் செட், எந்த அளவீடு இல்லாவிட்டாலும் முடிவு மாறாது என்று கண்டு அதை நீக்குகிறது. நியூரல் நெட்வொர்க் உதாரணங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்கிறது. இன்றைக்கு உலகமே கொண்டாடும் ஏஐ அந்த நியூரல் நெட்வொர்க்கின் வாரிசுதான். ஒருவரின் குறையை இன்னொருவர் நிரப்பிக் கூட்டாக உழைப்பதே சாஃப்ட் கம்ப்யூட்டிங். அந்த ரத்தப் புற்றுநோய்த் தரவு எவருக்கும் இலவசம். உலகெங்கும் மாணவர்கள் அதில் கைபழகுகிறார்கள். நீ ஏன் பழகக் கூடாது?

கல்கத்தா ரயில் ஏறிய இருவர்

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அய்ய நாடார், சண்முக நாடார். வானம் பார்த்த பூமி, மழை பொய்த்தால் பஞ்சம். வேறு தொழில் இருந்தால்தான் ஊர் பிழைக்கும். வங்காள மொழி தெரியாது, கெமிஸ்ட்ரி பட்டம் கிடையாது. தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்த ஒரு பயணத்திலிருந்து தீப்பெட்டி முளைத்தது, மத்தாப்பு முளைத்தது, பட்டாசு முளைத்தது. லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழிலும் முளைத்தது. இன்று தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வரை உலை கொதிக்கிறதே, அதன் முதல் பொறி அந்த ரயில் பயணம்.

இப்போது அதே கல்கத்தாவைப் பார். பிரசாந்த மகலநோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் அங்கே இருக்கிறது. அங்கே சங்கர் கே. பால் 1993இல் எந்திர நுண்ணறிவுப் பிரிவையும், 2004இல் சாஃப்ட் கம்ப்யூட்டிங் ஆராய்ச்சி மையத்தையும் நிறுவினார். வலைத் தகவலை அலச ஃபஸி லாஜிக்கும் நியூரல் நெட்வொர்க்கும் ஜெனடிக் அல்காரிதமும் எப்படி உதவும் என்று 2002இலேயே தன் சகாக்களோடு விரிவாக எழுதினார். அவருடன் உழைத்த சுஷ்மிதா மித்ரா ஜீன் தரவுகளுக்கு இந்த முறைகளைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். பாலுக்கு 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நூறு வருஷத்துக்கு முன் தீக்குச்சி கற்க நம் ஊர்க்காரர் போன நகரம், இன்று இந்தப் புதிய கலையைக் கற்றுத் தருகிறது. அன்று போனவர்களுக்குத் துணிச்சல் ஒன்றே முதலீடு. இன்று உனக்கு அதற்கு மேலும் இருக்கிறது. ரயில் ஏறாமலேயே அந்த வகுப்பறை உன் கைப்பேசிக்கு வருகிறது. பின் எதற்குத் தயக்கம்?

ஒரு தமிழ்ப்பெண் காட்டிய வழி

இந்தக் கணிதத்தைத் தமிழ்நாட்டு ஏழை மக்களின் துயரத்துக்கு நேராகத் திருப்பியவர் ஒரு தமிழ்ப்பெண். சென்னை ஐஐடியில் கணிதப் பேராசிரியராக இருந்த டபிள்யூ. பி. வசந்தா கந்தசாமி. ஃபஸி காக்னிட்டிவ் மேப் என்ற முறையைக் கையில் எடுத்தார். 1986இல் பார்ட் கோஸ்கோ வகுத்தது அது. எச்ஐவியால் பாதிக்கப்பட்ட கிராமப்புறத் தமிழ்ப் பெண்களின் பேட்டிகளை அதில் வைத்து ஆராய்ந்தார். தீண்டாமை குறித்த பெரியாரின் பார்வையையும் அதே முறையில் ஆராய்ந்து 2005இல் நூலாக்கினார். கல்வி நிலையத்தில் கண்ட பாகுபாட்டை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய துணிச்சலுக்காகத் தமிழ்நாடு அரசு 2006இல் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. தங்கச்சி, இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்!

அந்த முறையை உன் ஊருக்கே போட்டுக் காட்டுகிறேன். ஒரு தாளில் ஏழு வட்டம் போடு. தீபாவளி ஆர்டர் நெருக்கடி. பீஸ் ரேட் அவசரம். உள்குத்தகை. அறையில் ஆள் நெரிசல். மீந்த மருந்து தங்குவது. விபத்து. ஏழாவது, பயிற்சியும் மேற்பார்வையும். இனி அம்பு போடு. ஆர்டர் நெருக்கடி அவசரத்தையும் உள்குத்தகையையும் கூட்டும், இரண்டுக்கும் +1. உள்குத்தகை நெரிசலைக் கூட்டும், +1. அவசரம் மீந்த மருந்தைக் கூட்டும், +1. நெரிசலும் மீந்த மருந்தும் விபத்தைக் கூட்டும், ஆளுக்கு +1. பயிற்சியும் மேற்பார்வையும் நெரிசலைக் குறைக்கும், மீந்த மருந்தையும் குறைக்கும். அவற்றுக்கு -1.

முதல் வட்டத்தை மட்டும் ஏற்று. முதல் சுற்றில் அவசரமும் உள்குத்தகையும் எரியும். இரண்டாம் சுற்றில் நெரிசலும் மீந்த மருந்தும் எரியும். மூன்றாம் சுற்றில் விபத்து எரியும். இப்போது ஏழாவது வட்டத்தையும் சேர்த்து ஏற்றிப் பார். நெரிசலுக்கு ஒரு +1, ஒரு -1, கூட்டினால் 0, அது எரியாது. மீந்த மருந்தும் எரியாது. ஆர்டர் நெருக்கடி அப்படியே இருக்கிறது, அவசரம் அப்படியே இருக்கிறது, ஆனால் விபத்து என்ற வட்டம் எரியவே இல்லை! நான் போட்டது சின்னப் படம். உண்மையான படத்தைப் போடக் கூடியவர்கள் யார்? அறைக்குள் நின்று வேலை பார்த்தவர்கள். அவர்கள் வீட்டில் பிறந்து, இந்தக் கணிதமும் படித்தவர்கள். அது நீதான்!

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். பட்டாசு ஆலை விபத்துகள் நடந்த இந்தத் தேதிகளைச் சொன்னால் இந்த வட்டாரத்தில் அடிவயிறு பதறாத வீடு உண்டா? அழுதது போதும். அந்தக் கண்ணீரை அறிவாக்க வேண்டியது உன் தலைமுறையின் கடமை.

கோடு கோடாகவே நிற்க வேண்டிய இடம்

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எல்லாவற்றையும் 'ஓரளவு' என்று விட்டுவிடச் சொல்லும் கணிதம் இது என்று எண்ணிவிடாதே. ஓர் அறைக்கு நான்கு பேர் என்று அனுமதி இருந்தால், ஐந்தாவது ஆள் விதிமீறல்தான். 0.2 மீறல் என்று அதற்குக் கணக்குச் சொல்ல முடியாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்தது என்றால் தடைதான். இயற்கையை, மனிதப் பேச்சை, நோயின் போக்கை அளக்கும்போது படிகள் வேண்டும். உயிரைக் காக்கும் சட்டத்தில் கோடு வேண்டும். எங்கே படி, எங்கே கோடு என்று தெரிவதுதான் அறிவு. அந்த அறிவைப் பெறு.

உன் வாழ்க்கையிலும் அப்படித்தான். 34 எடுத்தால் தோல்வி, 35 எடுத்தால் தேர்ச்சி என்பது தேர்வுத் துறையின் கோடு. அதை மதித்து அடுத்த முறை தாண்டு. ஆனால் அந்தக் கோட்டை உன் நெற்றியில் ஒட்டிக்கொள்ளாதே. 34 எடுத்தவன் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று எந்தக் கணிதமும் சொல்லவில்லை. வளர்ச்சி படிப்படியாகத்தான் வரும். நேற்று 0.2, இன்று 0.3, நாளை 0.5. ஏறிக்கொண்டே இரு!

இன்றே தொடங்கு!

எங்கே தொடங்குவது என்று கேட்கிறாயா? வழியைச் சொல்கிறேன், பிடித்துக்கொள்.

பத்தாவது, பிளஸ் டூ படிக்கிறாயா? கணக்கைக் கண்டு ஓடாதே. கணம், சார்பு, அணி, நிகழ்தகவு: இந்த நான்கும் இந்தக் கலையின் நான்கு தூண்கள். உன் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன, தமிழிலேயே இருக்கின்றன. உன் மாவட்டம் பல ஆண்டுகள் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தின் முதலிடத்தில் நின்ற மாவட்டம். காமராஜரைப் பெற்ற மாவட்டம். இங்கே படிப்பு வராது என்று எவனும் சொல்ல முடியாது!

கல்லூரியில் இருக்கிறாயா? என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தில் ஐஐடி கரக்பூர் பேராசிரியரின் சாஃப்ட் கம்ப்யூட்டிங் பாடமும், ஐஐடி கான்பூர் பேராசிரியரின் ஃபஸி லாஜிக் பாடமும் இலவசமாக இருக்கின்றன. ஆங்கிலம் மிரட்டுகிறதா? ஒரு வீடியோவை மூன்று தடவை பார். முதல் தடவை சத்தம், இரண்டாம் தடவை சொல், மூன்றாம் தடவை பொருள். பைத்தான் மொழியைக் கற்றுக்கொள், அதுவும் இலவசம். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் இருக்கிறது, கேட்டு வாங்கிப் பயன்படுத்து. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் தங்கைக்குப் புதுமைப் பெண் திட்டமும், தம்பிக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. அது உன் உரிமை. அதில் ஒரு பகுதியை டேட்டா கார்டுக்கு ஒதுக்கு, ரீல்ஸுக்கு ஒதுக்காதே.

தூரம் போக வேண்டியதில்லை. சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் கல்லூரியும் 1984இலேயே உன் மாவட்டத்தில் முளைத்துவிட்டன. கலசலிங்கம் இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. உயிரித் தகவலியல் படிக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. பஸ் ஏறினால் எட்டிப்பிடிக்கும் தூரம்!

வேலைக்குப் போய்விட்டாயா? உனக்கும் வழி இருக்கிறது. ஒரு நோட்டு வாங்கு. அன்றைய வெயில், ஈரம், காற்று, உன் ஆலையின் பெரியவர் சொன்ன எச்சரிக்கை, அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்ற காரணம், எல்லாவற்றையும் நாள்தோறும் எழுது. நாற்பது வருஷ அனுபவம் ஒருவர் மண்டைக்குள் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அது அவரோடு போய்விடும். எழுதினால் தரவு. தரவு இருந்தால் விதி. விதி இருந்தால் கணினி. கணினியில் ஏறினால் ஊர் முழுதும் காக்கும் கவசம். எந்தப் பன்னாட்டுக் கம்பெனியிடமும் இல்லாத தரவு உன் ஊரில் இருக்கிறது. அதை எழுதும் கை உன் கையாக இருக்கட்டும்!

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பிள்ளை கணினி முன் உட்கார்ந்தால் நேரம் வீணாகிறது என்று எண்ணாதீர்கள். என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். உங்கள் தொழில் நுணுக்கத்தை வெட்கப்படாமல் அவர்களுக்குச் சொல்லுங்கள். அது கூலிக்காரன் அறிவு என்று நீங்களே தாழ்த்திக்கொள்ளாதீர்கள். டென்மார்க்கின் சிமென்ட் ஆபரேட்டருக்குக் கிடைத்த மரியாதை உங்கள் அறிவுக்கும் உரியது.

தம்பி, தங்கையே! உலகம் இன்று தேடுவது இரண்டு தகுதியும் ஒருங்கே உள்ளவர்களை. கையால் உணர்ந்த அனுபவம் ஒன்று, அதைக் கணிதமாக்கும் படிப்பு இன்னொன்று. முதல் தகுதியை உன் வீடு உனக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டது. இரண்டாவதை நீ உழைத்துப் பெற வேண்டும். பெற்றால், உயிரணுவின் புதிரை அவிழ்க்கும் ஆய்வகத்திலும் உனக்கு நாற்காலி உண்டு, இணையத்தை அலசும் நிறுவனத்திலும் உனக்கு இருக்கை உண்டு, உன் ஊர் அறைகளில் உயிர்ப்பலியைத் தடுக்கும் பெருமையும் உண்டு.

யாரும் வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதே. இன்று இரவு முதல் பாடத்தைத் திற. நாளைக் காலை நோட்டில் முதல் வரியை எழுது. எழு, படி, வெல்!